கோபால்ட் உள்ளே போனதா, மேலே ஒட்டியிருக்கிறதா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ஜிங்க் ஆக்சைடு நானோ துகளில் 5 சதவீதம் கோபால்ட் சேர்த்து (டோப்பிங் என்பது இப்படி அந்நிய அணுவைப் படிகத்துக்குள் புகுத்துவது), இணை வீழ்படிவு முறையில் தயாரித்து, காற்றில் 400 டிகிரியில் சுட்டு எடுத்திருக்கிறீர்கள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (எக்ஸ்ஆர்டி) அளவீட்டில், (101) என்ற படிகத் தளத்தின் பீக் 0.06 டிகிரி வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. புதிய பீக் எதுவும் இல்லை. படிக அளவு 21 நானோமீட்டர். எலக்ட்ரான் கடத்தும் பட்டைக்குத் தாவத் தேவையான ஆற்றல் இடைவெளி 3.24 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 3.08-க்கு இறங்கியிருக்கிறது. காந்தத்தன்மையை அளக்கும் விஎஸ்எம் கருவியில் கிராமுக்கு 0.005 ஈஎம்யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு) அளவில் சின்னதாக ஒரு ஹிஸ்டரிசிஸ் வளையம், அதாவது புலத்தை நீக்கினாலும் காந்தம் மிஞ்சுவதன் அடையாளம். ‘இவ்வளவும் இருக்கும்போது டோப்பிங் நடந்துவிட்டது, அறை வெப்பநிலையில் ஃபெர்ரோ காந்தத்தன்மை கிடைத்துவிட்டது என்று புராஜெக்டில் எழுதலாமா?’ என்று கேட்கிறீர்கள். நான்கு அளவீடுகளைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். கோபால்ட் வீட்டுக்குள் குடியேறிவிட்டதா, இல்லை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதா?

என் பதில் இதுதான். கோபால்ட்டில் கணிசமான பங்கு உள்ளே போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் காட்டும் பீக் நகர்வு சாட்சியல்ல. ‘பவுடர் வெளிர் பச்சையாக இருக்கிறது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சாட்சி. காந்தத்தைப் பொறுத்தவரை, இந்தத் தரவை வைத்து அப்படி எழுதக் கூடாது. ஆக்சைடு பவுடர்களைத் தயாரிப்பதிலும் மாணவர்களின் எக்ஸ்ஆர்டி படங்களைப் பார்ப்பதிலும் இருபது வருடத்துக்கு மேல் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் மூலத் தரவுக் கோப்பை நான் பார்க்கவில்லை, அதனால் நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பேச முடியும்.

ஜிங்க் ஆக்சைடின் அமைப்பு வூர்ட்சைட் எனப்படும் அறுகோண அமைப்பு. ஒவ்வொரு துத்தநாக (ஜிங்க்) அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் நான்முகி வடிவில் சூழ்ந்திருக்கும். அணிக்கோவையின் (அணுக்கள் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் சட்டகத்தின்) அளவுகள் சுமார் 3.25, 5.21 ஆங்ஸ்ட்ராம். நான்கு ஆக்சிஜன் சூழலில் துத்தநாகத்தின் அயனி ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம், கோபால்ட்டுக்கு 0.58. மின்னூட்டமும் இரண்டுக்கும் 2+ தான். ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே உடம்பு உள்ள ஆள். அதனால்தான் கோபால்ட் துத்தநாகத்தின் இடத்தில் சிரமமில்லாமல் உட்காருகிறது. சரி, அப்படி உட்கார்ந்தால் அணிக்கோவை எவ்வளவு சுருங்கும்? இதைப் பெரும்பாலோர் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. ஆர வித்தியாசம் 0.02 ஆங்ஸ்ட்ராம். நூறு இடத்தில் ஐந்தில் மட்டும் மாற்றம் என்பதால் சராசரி 0.001 ஆங்ஸ்ட்ராம். துத்தநாகம்–ஆக்சிஜன் பிணைப்பின் நீளம் சுமார் 1.98 ஆங்ஸ்ட்ராம். ஆக, சுருக்கம் 0.05 சதவீதம். அணுத் தள இடைவெளியையும் பீக் கோணத்தையும் இணைக்கும் பிராக் விதியில் போட்டால் (101) பீக் நகர வேண்டியது 0.02 டிகிரிதான். இது தோராயக் கணக்கு, ஆனால் எந்த அளவில் எதிர்பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும். உங்களுக்குக் கிடைத்திருப்பது அதைப் போல மூன்று மடங்கு.

அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? பவுடரைக் கண்ணாடி ஹோல்டரில் நிரப்பி, ஸ்லைடால் அழுத்தி மட்டப்படுத்துகிறோம் அல்லவா? அந்த மேற்பரப்பு இருக்க வேண்டிய மட்டத்துக்கு மேலே 0.1 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தால் போதும். 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில் எல்லா பீக்குகளும் 0.05 டிகிரிக்கு மேல் வலப்பக்கம் தள்ளிப்போகும். 0.1 மில்லிமீட்டர் என்பது ஒரு ஏ4 தாளின் தடிமன். டோப் செய்யாத பவுடரை ஒரு நாள், டோப் செய்ததை இன்னொரு நாள், வேறு கை அழுத்தத்தில் நிரப்பியிருந்தால் இந்த வித்தியாசம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘பீக் வலப்பக்கம் நகர்ந்தது, எனவே சிறிய அயனி உள்ளே போய்விட்டது’ என்ற வரியை நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் பார்க்கலாம். அதில் பல இந்தத் தாளின் தடிமனைத்தான் அளந்திருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

புதிதாக எந்த அளவீடும் செய்யாமல் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஸ்கேன் 70 டிகிரி வரை போயிருந்தால் 68 டிகிரிக்கு அருகே (112) பீக் இருக்கும். அணிக்கோவை உண்மையில் சுருங்கியிருந்தால், நகர்வு கோணத்தோடு கூடிக்கொண்டே போகும். (101)-இல் 0.06 என்றால் (112)-இல் இரண்டு மடங்கு, அதாவது 0.12 டிகிரி இருக்க வேண்டும். பவுடரின் உயரம் காரணம் என்றால் நகர்வு அதிகரிக்காது. கொஞ்சம் குறைந்து 0.05-இல் நிற்கும். இரண்டு படங்களையும் திறந்து அந்த ஒரு இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. மறுபடி ஸ்கேன் எடுக்க வாய்ப்பிருந்தால் பவுடரோடு கொஞ்சம் சிலிக்கான் பவுடரைக் கலந்து எடுங்கள். சிலிக்கானின் முதல் பீக் 28.44 டிகிரியில் நிற்க வேண்டும். அது எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதை வைத்து மற்றதைத் திருத்திக்கொள்ளலாம்.

‘புதிய பீக் இல்லை, எனவே வேறு கட்டம் (தனியாக நிற்கும் வேறு படிகச் சேர்மம்) இல்லை’ என்கிறீர்கள். மற்ற தனிமங்களுக்கு எப்படியோ, கோபால்ட்டுக்கு இந்த வாதம் குறிப்பாகப் பலவீனமானது. காற்றில் 400 டிகிரியில் சுடும்போது துத்தநாகத்தின் இடத்துக்குப் போகாத கோபால்ட், ஸ்பைனல் வகை ஆக்சைடாக, அதாவது மூன்று கோபால்ட்டுக்கு நான்கு ஆக்சிஜன் உள்ள கறுப்பு ஆக்சைடாக மாறும். அதன் மிக வலுவான பீக் 36.8 டிகிரிக்கு அருகே. ஜிங்க் ஆக்சைடின் மிக வலுவான (101) பீக் 36.25-இல். இன்னொரு முக்கிய பீக் 31.3 டிகிரி, ஜிங்க் ஆக்சைடின் (100)-க்கு 31.77-இல் இருக்கும் பீக்கின் காலடியிலேயே. நானோ துகளில் பீக்குகள் அகலமாக இருப்பதால், ஒன்றிரண்டு சதவீதம் ஸ்பைனல் இருந்தால் அது பெரியவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் குழந்தை மாதிரி முழுக்க மறைந்துவிடும். போதாததற்கு, கோபால்ட் இருக்கும் பவுடரைச் செம்புக் குழாய் எக்ஸ்-கதிரில் வைத்தால் கோபால்ட்டே ஒளிர்ந்து பின்னணியை உயர்த்தும். சின்ன பீக் அதில் மூழ்கும். இதற்கு எக்ஸ்ஆர்டியை விட, சிதறும் லேசர் ஒளியிலிருந்து படிகத்தின் அதிர்வுகளைக் காட்டும் ராமன் நிறமாலை நல்லது. ஜிங்க் ஆக்சைடு 437–439 செ.மீ⁻¹ பக்கம் ஒரு கூர்மையான கோடு காட்டும், ஸ்பைனல் 690 பக்கம் வலுவாகக் கத்தும். இரண்டும் வெகு தூரத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று மறைக்காது.

இனி நிறத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோபால்ட் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தபோது இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கோபால்ட் அயனியை ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாகச் சூழ்ந்திருந்தன. அதே கோபால்ட், அதே 2+ மின்னூட்டம், சுட்டு முடித்ததும் பச்சையாகிவிட்டது. சூழ்ந்திருப்பது இப்போது நான்கு ஆக்சிஜன்கள் என்பதே காரணம். நான்முகிச் சூழலில் கோபால்ட் 565, 610, 655 நானோமீட்டர் பக்கம் மூன்று பட்டைகளாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளியை விழுங்கும். மிச்சம் நம் கண்ணுக்குப் பச்சை. எண்முகியில் சமச்சீர் மையம் இருப்பதால் இந்தத் தாவல்கள் மங்கலாக இருக்கும்; நான்முகியில் அந்த மையம் இல்லை, அதனால் நன்றாக வலுவடையும். ஒரு சதவீதம் கோபால்ட் கூட கண்ணுக்குத் தெரிவது இதனால்தான். டெசிகேட்டரில் இருக்கும் சிலிக்கா ஜெல் உலர்ந்தால் நீலமாகவும் ஈரம் இழுத்தால் இளஞ்சிவப்பாகவும் மாறுவதற்குப் பின்னால் இருப்பதும் கோபால்ட்டைச் சூழ்ந்திருப்பவை மாறும் இதே கதைதான். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் ரின்மன் 1780-லேயே இந்தத் துத்தநாகம்–கோபால்ட் பச்சையைப் பற்றி எழுதிவிட்டார். ஓவிய நிறமியாக இன்றும் அவர் பெயரில்தான் அது அழைக்கப்படுகிறது. ஆகவே கோபால்ட் டோப் செய்த ஜிங்க் ஆக்சைடு நேற்று வந்த நானோ பொருள் இல்லை, இருநூறு வருடத்துக்கு மேல் பழையது.

உங்கள் ஆற்றல் இடைவெளிக்காக எடுத்த பரவல் எதிரொளிப்பு நிறமாலையிலேயே இந்த மூன்று பட்டைகளும் இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் 450 நானோமீட்டருக்கு அப்பால் உள்ளதை வெட்டிவிட்டுப் படம் போடுகிறார்கள். வெட்டாதீர்கள். மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால், நான்முகி இடத்தில் கோபால்ட் இருக்கிறது என்பதற்கு உங்களிடம் இருப்பதிலேயே நல்ல சாட்சி அதுதான். பச்சை வெளிராமல் சாம்பல் கலந்து அழுக்காக இருந்தால் கறுப்பு ஸ்பைனலைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆனாலும் நிறமே முடிவான சாட்சியாகாது. நானோ அளவில் மேற்பரப்பு என்பது ஓரமான விஷயம் இல்லை. 20 நானோமீட்டர் கோளத்தில் வெளிப்புற 0.3 நானோமீட்டர் அடுக்கு மட்டும் மொத்தக் கனஅளவில் சுமார் 9 சதவீதம். 5 நானோமீட்டர் துகளில் அதுவே மூன்றில் ஒரு பங்கு. 5 நானோமீட்டர் துகளில் இருக்கும் துத்தநாக அயனிகள் மொத்தம் சுமார் 2,750. அதில் 5 சதவீதம் என்றால் 140-க்கும் குறைவான கோபால்ட்கள். நீங்கள் போட்ட 5 சதவீதம் முழுவதும் மேல் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கவும் அங்கே இடமுண்டு. படிகம் வளரும்போது அந்நிய அயனி மேற்பரப்பில் போதுமான நேரம் ஒட்டி நின்றால்தான் அதன் மேல் அடுத்த அடுக்கு மூடி அதை உள்ளே சிறைப்படுத்தும் என்பதை ஸ்டீவன் எர்வின் குழுவினர் 2005-இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். டேனியல் கேமலின் குழுவினர் கோபால்ட் டோப் செய்த ஜிங்க் ஆக்சைடு நானோ படிகங்களில் மேற்பரப்பில் ஒட்டியதையும் உள்ளே போனதையும் நிறமாலையிலேயே பிரித்துக் காட்டி, மேலே ஒட்டியதை வேதிமுறையில் கழுவியும் எடுத்தார்கள். என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் ஈடிஎக்ஸ் படத்தில் கோபால்ட் தெரிகிறது என்றால் பவுடரில் கோபால்ட் இருக்கிறது என்றுதான் அர்த்தம். எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல எக்ஸ்-கதிர் உறிஞ்சல் நிறமாலை வேண்டும். அதற்கு இந்தூரில் உள்ள இண்டஸ்-2 போன்ற சின்க்ரோட்ரானுக்கு விண்ணப்பிக்க வேண்டும், முதுகலை புராஜெக்டுக்கு அது பெரிய எதிர்பார்ப்பு.

இன்னொன்று. நீங்கள் போட்ட 5 சதவீதம், கிடைத்த 5 சதவீதமா? துத்தநாக ஹைட்ராக்சைடு ஈரியல்பு உடையது. சோடியம் ஹைட்ராக்சைடை அதிகம் ஊற்றி காரத்தன்மையை மிகவும் ஏற்றிவிட்டால் துத்தநாகத்தில் ஒரு பகுதி ஜிங்கேட் என்ற உப்பாகக் கரைந்து வடிகட்டும் நீரோடு போய்விடும். பவுடரில் கோபால்ட்டின் பங்கு கூடும். ஒரு அணு உறிஞ்சல் அளவீடு எடுத்தால் தெரிந்துவிடும். அதுவரை ‘5 சதவீதம் எடுத்துக்கொண்டோம்’ என்று எழுதுங்கள், ‘5 சதவீதம் உள்ளது’ என்று வேண்டாம்.

படிக அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 0.4 டிகிரி பீக் அகலத்துக்கு, அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரம் 21 நானோமீட்டர் தரும், சரிதான். கருவியின் சொந்த அகலம் 0.1 டிகிரி என்று வைத்துக் கழித்தாலும் அது 22-க்குள் நிற்கும். ஆனால் பீக் 0.15 டிகிரி என்று கூர்மையாக இருக்கும் மாதிரியில் கழிக்காவிட்டால் 56, கழித்தால் 75 என்று எங்கேயோ போய்விடும். டோப் செய்ததையும் செய்யாததையும் ஒப்பிடும்போது 21, 23 என்ற வித்தியாசத்துக்குக் காரணம் தேடி ஒரு பக்கம் எழுதாதீர்கள்.

ஆற்றல் இடைவெளியில் இரண்டு தவறான விளக்கங்கள் வழக்கமாக வரும். ஒன்று குவாண்டம் கட்டுப்பாடு, அதாவது துகள் மிகச் சிறிதாவதால் இடைவெளி மாறுவது. ஜிங்க் ஆக்சைடில் எக்சிட்டான் (எலக்ட்ரான்–துளை இணை) ஆரம் சுமார் 2.3 நானோமீட்டர்தான். துகள் ஏழெட்டு நானோமீட்டருக்குக் கீழே போனால்தான் அதன் விளைவு நன்றாகத் தெரியும். 21 நானோமீட்டரில் அதைப் பேச இடமில்லை. பேசினாலும் அது இடைவெளியைக் கூட்டுமே தவிர குறைக்காது. இன்னொன்று பர்ஸ்டைன்–மாஸ் விளைவு. அது அலுமினியம் போன்ற 3+ அயனி கூடுதல் எலக்ட்ரான் கொடுத்து கடத்தும் பட்டையின் அடியை நிரப்பும்போது வருவது. அதுவும் இடைவெளியை அகலப்படுத்தும். கோபால்ட் 2+ என்பதால் இங்கே பொருந்தாது. குறைவுக்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம், பட்டை எலக்ட்ரான்களுக்கும் கோபால்ட்டின் டி எலக்ட்ரான்களுக்கும் இடையிலான பரிமாற்ற இடைவினை. அது நடப்பதே. ஆனால் உங்கள் 0.16 எலக்ட்ரான் வோல்ட் முழுவதையும் அதன் கணக்கில் எழுத முடியாது. கோபால்ட்டின் மின்னூட்ட மாற்ற உறிஞ்சல் பட்டை விளிம்புக்குக் கீழே ஒரு வால் போல நீளும். இடைவெளியைக் கணக்கிடப் போடும் டாக் வரைபடத்தில் அந்த வால் மேல் கோடு போட்டுவிட்டால் இடைவெளி குறைந்தது போலத் தெரியும். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதிலேயே 0.05 எளிதாக மாறும். நம்பிக்கை இல்லை என்றால் உங்கள் நண்பரிடம் அதே தரவைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். ‘உறிஞ்சல் விளிம்பு நீண்ட அலைநீளம் நோக்கி நகர்ந்தது’ என்பது நீங்கள் பார்த்தது, அதைத் தாராளமாக எழுதலாம்.

காந்தத்துக்கு வருவோம். ஒவ்வொரு கோபால்ட்டும் மூன்று போர் மேக்னட்டான் (அணுக்காந்தத்தின் அலகு) திருப்புத்திறனோடு ஒரே திசையில் அணிவகுத்தால், 5 சதவீதத்துக்குக் கிராமுக்கு 10 ஈஎம்யூ வர வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது 0.005, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது இரண்டாயிரம் கோபால்ட்டில் ஒன்றுதான் அணிவகுத்திருக்கிறது, மற்றவை எல்லாம் பாரா காந்தமாக, ஒன்றோடொன்று சேராமல் சும்மா இருக்கின்றன. இப்போது வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். 30 மில்லிகிராம் பவுடர் வைத்திருந்தால் உங்கள் மொத்தச் சமிக்ஞை 0.00015 ஈஎம்யூ. இதை உண்டாக்க எவ்வளவு இரும்பு தேவை? 0.7 மைக்ரோகிராம். 0.055 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தூசி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு புள்ளி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடம் முன்பு எங்கள் ஆய்வகத்தில் மாங்கனீசு சேர்த்த பவுடரில் இதே போல அழகான வளையம் வந்தது. இரண்டு மாதம் அதை வைத்து எழுதிக்கொண்டிருந்தோம். ஒப்பிடுவதற்காக எதுவும் சேர்க்காத பவுடரை அனுப்பினோம், அதிலும் கிட்டத்தட்ட அதே வளையம். தேடித் தேடிப் பார்த்ததில், குரூசிபிளின் அடியில் ஒட்டிய பவுடரைச் சுரண்ட எல்லோரும் பயன்படுத்திய ஒரு பழைய ஸ்டீல் ஸ்பாட்டுலா. அதன் நுனி தேய்ந்து பளபளவென்று இருந்தது. அந்தத் தேய்ந்த நுனிதான் எங்கள் மாதிரிகளுக்குள் இருந்தது. பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவுக்கு மாறியதும் வளையம் போய்விட்டது. எழுதியதைக் கிழித்துப் போட்டோம், அந்த மாணவியின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பெரிய ஆய்வகங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2000-இல் டீட்ல் குழுவினர் சயன்ஸ் இதழில், மாங்கனீசு சேர்த்த ஜிங்க் ஆக்சைடு அறை வெப்பநிலைக்கு மேலும் ஃபெர்ரோ காந்தமாக இருக்கலாம் என்று கணித்த பிறகுதான் இந்த ஓட்டம் தொடங்கியது. ஆனால் அந்தக் கணிப்பு, துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள்) மிகுந்த பி (p) வகைப் பொருளுக்கு. ஜிங்க் ஆக்சைடோ இயல்பிலேயே எலக்ட்ரான் மிகுந்த என் (n) வகை. இந்த நிபந்தனையைச் சொல்லாமலே அந்தக் கட்டுரையைச் சுட்டுகிறவர்கள் ஏராளம். 2004-இல் காந்த அயனியே இல்லாத ஹாஃப்னியம் ஆக்சைடுப் படலத்தில் காந்தம் கண்டதாக நேச்சரில் வந்தது. அடுத்த வருடமே ஐபிஎம் ஆய்வாளர்கள், துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் பிடித்தாலே அப்படிப்பட்ட சமிக்ஞை வரும் என்று காட்டினார்கள். பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் சி.என்.ஆர். ராவும் தீபக்கும் 2005-இல் மாங்கனீசும் கோபால்ட்டும் சேர்த்த ஜிங்க் ஆக்சைடில் ஃபெர்ரோ காந்தம் இல்லை என்று வெளியிட்டார்கள். அதே மையத்திலிருந்து 2006-இல் சுந்தரேசனும் ராவும் மற்றவர்களும், எதுவும் சேர்க்காத ஆக்சைடு நானோ துகள்களிலேயே மேற்பரப்பு ஆக்சிஜன் வெற்றிடங்களால் மெல்லிய ஃபெர்ரோ காந்தம் வருவதாக எழுதினார்கள். ஆக உங்கள் வளையத்துக்கு மாசு, மேற்பரப்புக் குறை, கோபால்ட் என்று மூன்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. எதுவும் சேர்க்காத பவுடரை அதே கையாளலில், அதே ஜெலட்டின் கேப்சூல் வகையில், காலி கேப்சூலோடு சேர்த்து அளந்தால்தான் அந்த மூன்றில் எதையாவது கழிக்க முடியும். அதிலும் வளையம் வந்துவிட்டால், கோபால்ட்டால் வந்த காந்தம் என்று சொல்ல வழியில்லை.

எனவே புராஜெக்டில் இப்படி எழுதலாம்: ‘எதிரொளிப்பு நிறமாலையின் மூன்று பட்டைகள், கோபால்ட் 2+ நான்முகி இடங்களில் இருப்பதைக் காட்டுகின்றன. எக்ஸ்ஆர்டியின் எல்லைக்குள் வேறு கட்டம் தெரியவில்லை. சிறிய அளவு ஸ்பைனல் ஆக்சைடை இந்த முறையால் விலக்க முடியாது. மெல்லிய காந்த வளையம் எதனால் வந்தது என்பது உறுதி செய்யப்படவில்லை.’ தேர்வாளர் இதைக் குறையாக எடுத்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். வாய்மொழித் தேர்வில் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும். கையில் ஒரே ஒரு அளவீட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ராமனுக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே அந்த (112) பீக்கைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 0.12-ஆ 0.05-ஆ என்று இங்கேயே எழுதுங்கள்.